பல் வைத்தியத்துக்குக் கைப்பணம் வேண்டாத வழி

பல் போனால் சொல் போச்சு என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் மட்டுமா போகிறது? சோறும் போகிறது, இரவின் உறக்கமும் போகிறது. ஆயினும், பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களின் மாதச் செலவுப் பட்டியலில் பல்லுக்கென்று ஓர் இடம் கிடையாது. வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம், கோடை விடுமுறைக்கு ஊர் போய்வரும் டிக்கெட் ஆகிய இவை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் வைத்தியம். அந்த வைத்தியத்திலும் காய்ச்சலுக்கு முதல் இடம்; பல்வலிக்குக் கடைசி இடம். கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சும் வலி மாத்திரையுமாகக் காலம் ஓடுகிறது. வீட்டுப் பெண்மணிகளோ தங்கள் பல்வலியைப் பற்றிப் பிறரிடம் சொல்வதே இல்லை. ஒரு பக்கத்துப் பற்களால் மட்டுமே மென்று ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளும் தாய்மார்கள் நம் குடியிருப்புகளில் எத்தனையோ பேர்.

“பல்லுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டாமே, அதை எடுத்தால் கையிலிருந்து ஒரு காசும் கொடுக்க வேண்டாமாமே, உண்மைதானா?” என்ற கேள்வி இந்நாளில் அடிக்கடி நம் காதில் விழுகிறது. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அப்படிப்பட்ட ஏற்பாடு நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் நாம் தேடும் இடத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. தேடாத இடத்தில் இருக்கிறது. சிலருடைய வீட்டில் அது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. சம்பளச் சீட்டில் ஒரு சிறு வரியாக அச்சாகியும் விட்டது. அதை அறியாமலே பல் வைத்தியத்துக்குக் கடன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் இந்த விஷயத்தை முதலிலிருந்து விளக்குவது நலம் என்று நாம் கருதுகிறோம்.

பல் நோயின் தன்மை

உடம்பில் தோன்றும் பல நோய்கள் தாமாகவே ஆறிவிடும். பல் சொத்தை குழியாகிவிட்ட பிறகு அப்படி ஆறுவதில்லை. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் மிகக் கடினமானது; ஆனால் அது உயிரற்ற பொருள். இனிப்பும் மாவும் பல்லிடுக்கில் தங்கினால் வாயிலுள்ள கிருமிகள் அவற்றை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலை அரிக்கிறது. எனாமலில் விழுந்த குழி மீண்டும் மூடிக்கொள்வதில்லை. இந்த நிலையில் வைத்தியரிடம் சென்றால், குழியைச் சுத்தம் செய்து அடைத்துவிடுவார். ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும், செலவும் குறைவு.

அப்போது போகாவிட்டால் சொத்தை உள் அடுக்குக்கு இறங்குகிறது. பின்னர் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள நடுப்பகுதியைத் தொடுகிறது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி பெரும்பாலும் இங்கிருந்து பிறப்பதே. இனி வெறுமனே அடைத்தால் போதாது; ரூட் கெனால் என்னும் வேர் சிகிச்சை வேண்டும்; அதன் மேல் ஒரு உறையும் போட வேண்டும். சில தடவை போய்வர வேண்டியிருக்கும். செலவு முன்னதைப் போல் பல மடங்காகும். அதையும் தள்ளிப்போட்டால் வேரடியில் சீழ் கட்டும், முகம் வீங்கும், பல்லைப் பிடுங்க நேரும். பிடுங்கிய இடம் காலியானால் பக்கத்துப் பற்கள் சாயும். பிறகு கட்டுப் பல் வேண்டும். ஆக, முதலில் சிறு தொகையோடு முடிந்திருக்கக்கூடிய காரியம் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும் காரியமாக வளர்கிறது.

இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸ் என்பது வருமோ வராதோ என்று தெரியாத பெரிய நஷ்டத்துக்காகப் பலர் கூடிச் சேர்க்கும் நிதி. தீ விபத்து எல்லா வீட்டுக்கும் வருவதில்லை; ஆகவே பலருடைய சந்தாவைக் கொண்டு சிலருடைய நஷ்டத்தை ஈடு செய்ய முடிகிறது. பல்லோ அப்படியன்று. ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது பல் வைத்தியம் தேவைப்படுகிறது. மேலும், பல் கெட்ட பிறகுதான் மக்கள் பாலிஸியைத் தேடுகிறார்கள். எனவே இலாபம் கருதி நடத்தப்படும் கம்பெனிகள் பல்லைக் கண்டால் அஞ்சுகின்றன. அந்த அச்சத்தினாலேயே பாலிஸிக்குள் பல வேலிகளை எழுப்புகின்றன. இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி. ஆனால் வேலி எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் வெளியேறும் ஐந்து வாசல்கள்

இன்ஷூரன்ஸ் இருந்தும் நம் பணம் வெளியேறும் வாசல்கள் ஐந்து. இவற்றை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தப் பாலிஸியையும் நாமே எடைபோட்டுவிடலாம்.

முதலாவது, விலக்கு. இன்ன இன்ன வைத்தியத்துக்குப் பணம் கிடையாது என்று பாலிஸியிலேயே எழுதியிருப்பது. இரண்டாவது, காத்திருக்கும் காலம். பாலிஸி எடுத்த நாளிலிருந்து இத்தனை நாள் அல்லது இத்தனை மாதம் கழிந்த பிறகே உரிமை பிறக்கும் என்பது. மூன்றாவது, உச்சவரம்பு. ஆண்டுக்கு இவ்வளவு, ஒரு பல்லுக்கு இவ்வளவு என்ற எல்லை. நான்காவது, பங்குத்தொகை. செலவில் நூற்றுக்கு இத்தனை நம்முடையது, அல்லது முதல் இத்தனை ரூபாய் நம்முடையது என்ற நிபந்தனை. ஐந்தாவது, ரொக்கமில்லா வசதி இல்லாமை. நாம் முதலில் கட்டிவிட்டு, ரசீதுகளை அனுப்பி, பின்னர் பெற்றுக்கொள்ளும் முறை. பணம் கடைசியில் வந்து சேரலாம். ஆனால் அன்றைக்குக் கட்டப் பணம் இல்லாதவனுக்கு அதனால் என்ன பயன்?

ரொக்கமில்லா வைத்தியம் என்று விளம்பரத்தில் கண்டவுடன் செலவே இல்லை என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது ஐந்தாவது வாசலை மட்டுமே அடைக்கிறது. மற்ற நான்கும் திறந்தே இருக்கலாம். ஐந்தும் அடைபட்டால்தான் கைச்செலவில்லாத வைத்தியம் என்று சொல்லத் தகும்.

கம்பெனிகளின் பாலிஸிகள்

நம்மில் பலர் குடும்பத்துக்காக எடுத்துள்ள மருத்துவ இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகப் படுக்கும் செலவுக்காக ஏற்பட்டது. பல் அடைப்பது, வேர் சிகிச்சை செய்வது, பல் பிடுங்குவது எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து அன்றே வீடு திரும்பும் காரியங்கள். ஆகையால் சாதாரணப் பாலிஸிகள் இவற்றை ஏற்பதில்லை. விபத்தில் தாடையோ பல்லோ உடைந்து ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் மட்டுமே பெரும்பாலான பாலிஸிகள் பல்லைக் கவனிக்கின்றன. அழகுக்காகப் பல்லை வெண்மையாக்குவதற்கு எவரும் பணம் தருவதில்லை.

எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் ஏற்படுத்திய ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பாலிஸியை இங்கே சான்றாகக் காட்டலாம். நோயினாலோ காயத்தினாலோ அவசியமாகும் பல் சிகிச்சை அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதைப் படித்தவுடன் மகிழ்ச்சி உண்டாகும். ஆனால் அந்த வரி ஆஸ்பத்திரிச் செலவு என்ற தலைப்பின் கீழ் உள்ளது. மேலும், ஒவ்வொரு கிளெயிமிலும் நூற்றுக்கு 5 நம்முடைய பங்கு என்றும் அதே பாலிஸி கூறுகிறது. ஆக, அங்கே முதல் வாசல் பாதி திறந்திருக்கிறது. நான்காவது வாசல் சிறிது திறந்திருக்கிறது.

சில கம்பெனிகள் புறநோயாளிச் செலவுக்கென்று தனிச் சேர்க்கை விற்கின்றன. பல்லுக்கென்றே திட்டம் வைத்திருப்போரும் உண்டு. பெரிய கம்பெனிகளில் வேலை பார்ப்போருக்கு முதலாளி எடுத்துத் தரும் கூட்டுப் பாலிஸியில் இத்தகைய சலுகை இருக்கலாம். அவர்கள் தங்கள் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம். தாமே பணம் கட்டி வாங்க நினைப்போர் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் கற்பித்துக்கொள்வோம். ஆண்டுப் பிரீமியம் 1,500 ரூபாய். உச்சவரம்பு 5,000 ரூபாய். நம் பங்கு நூற்றுக்கு 20. வேர் சிகிச்சைக்கும் உறைக்குமாக 9,000 ரூபாய் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். இதில் நூற்றுக்கு 20, அதாவது 1,800 ரூபாய் நம் தலையில். மிச்சம் 7,200. ஆனால் உச்சவரம்பு 5,000 ஆதலால் கம்பெனி தருவது அவ்வளவே. நம் கையிலிருந்து போவது 4,000. பிரீமியத்தையும் சேர்த்தால் 5,500. இன்ஷூரன்ஸால் நமக்கு மிச்சமானது 3,500 ரூபாய். பல் வைத்தியம் தேவைப்படாத ஆண்டிலோ 1,500 ரூபாய் போனது போனதுதான். இது நல்ல வியாபாரமா அல்லவா என்பதை அவரவர் வீட்டுப் பற்களின் நிலையைக் கண்டு அவரவரே தீர்மானிக்கலாம். கைச்செலவில்லாத வைத்தியம் என்று மட்டும் இதை எவரும் சொல்ல முடியாது.

சம்பளச் சீட்டில் உள்ள சிறு வரி

இனி நாம் தேடாத இடத்துக்கு வருவோம். தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் திட்டம், அதாவது எல்லோரும் இ.எஸ்.ஐ. என்று அழைக்கும் திட்டம், நம் நாட்டின் பழைய சமூக இன்ஷூரன்ஸ். பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேரு இதைத் தொடங்கிவைத்தார்; டில்லியிலும் அன்றே தொடங்கிற்று. பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நிற்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் திட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, ஓட்டல், தனியார் அலுவலகம் முதலியவற்றில், 2017 சனவரி முதல் உள்ள விதிப்படி, மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இதில் சேர்ந்தவர்கள். உடல் ஊனமுற்றோருக்கு இந்த வரம்பு 25,000. 2019 சூலை முதல் தொழிலாளியின் சந்தா ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றே கால் ரூபாய். 20,000 ரூபாய் சம்பளக்காரர் தருவது 150 ரூபாய். முதலாளி தருவது 650 ரூபாய்.

இந்த 150 ரூபாய்க்குக் கிடைப்பது என்ன? மேலே சொன்ன ஐந்து வாசல்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே சாதாரண வைத்திய உரிமை பிறக்கிறது. ஆகவே காத்திருக்கும் காலம் இல்லை. ஒரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் இவ்வளவுதான் செலவிடலாம் என்ற உச்சவரம்பு இல்லை. வைத்தியத்தின்போது தர வேண்டிய பங்குத்தொகை இல்லை. திட்டத்தின் டிஸ்பென்சரியிலும் ஆஸ்பத்திரியிலும் பணம் கட்டிவிட்டுத் திரும்பப் பெறும் வேலை இல்லை. புறநோயாளி வைத்தியமும் இதில் அடங்குவதால், பல் அடைப்பதும் பிடுங்குவதும் நாற்காலியில் நடக்கும் காரியங்கள் என்று விலக்கப்படுவதில்லை. பல ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு இருக்கிறது. டில்லி ரோகிணியிலும் கர்நாடகத்துக் கலபுரகியிலும் இந்தக் கார்ப்பொரேஷனே பல் மருத்துவக் கல்லூரிகள் நடத்துகிறது. ஐந்து வாசல்களும் அடைபட்ட வைத்தியத்தை உழைக்கும் மக்களுக்காக நம் நாடு ஏற்படுத்தியிருப்பது இங்கேதான்.

குறைகளே இல்லை என்று நாம் கூறவில்லை. வரிசை நீளம்; அரை நாள் சம்பளம் போகலாம். டிஸ்பென்சரி வைத்தியரின் சீட்டைக் கொண்டே பல் பிரிவுக்குச் செல்ல வேண்டியிருக்கும். கட்டுப் பல், உறை முதலியவற்றில் விதி வேறு. அவற்றைத் தொடங்கும் முன் வைத்தியரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சீட்டு வாங்காமல் வெளியே சென்று செலவு செய்தவர் அப்பணத்தை எதிர்பார்க்கலாகாது. ஆயினும், கையில் பணம் இல்லை என்பதற்காகப் பல்லைச் சீழ் கட்ட விடுவதைக் காட்டிலும் அரை நாள் வரிசையில் நிற்பது மேல் அன்றோ?

புலம்பெயர்ந்த குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலில், சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. என்று பிடித்தம் இருந்தால், இன்ஷூரன்ஸ் எண் ஒன்று தரப்பட்டிருக்கும். பிடித்தம் இருந்தும் எண் தரவில்லை என்றால் அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். அது சலுகை அன்று, உரிமை.

இரண்டாவது, குடும்பத்தின் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும். மனைவி, பிள்ளைகள், நம்மை அண்டியுள்ள பெற்றோர் ஆகியோர் உரிமை உடையவர்கள். தொழிலாளி கலியாணத்துக்கு முன்பே சேர்ந்திருப்பார். மனைவியின் பெயரும் குழந்தையின் பெயரும் ஏறாமலே இருக்கும். வலி வந்த இரவில் இதை நினைத்துப் பயனில்லை.

மூன்றாவது, குடும்பம் ஊரில் இருந்தாலும் உரிமை போவதில்லை. தொழிலாளி பம்பாயிலும் குடும்பம் மதுரையிலும் இருந்தால், குடும்பத்துக்கு அவ்விடத்து டிஸ்பென்சரியைக் குறித்துக்கொள்ளலாம். இங்கே தனியே தங்கியிருக்கும் நம் இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

நான்காவது, சம்பளம் 21,000ஐத் தாண்டிய மறுநாளே உரிமை அற்றுப்போவதில்லை. சந்தாக் காலங்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. இடையில் சம்பளம் உயர்ந்தால் அந்தக் காலம் முடியும் வரை சந்தா தொடரும். அதற்கேற்ற பலனும் தொடரும். பதவி உயர்வு பெற்ற அன்பர்கள் தள்ளிப்போட்ட பல் வேலைகளை அந்த இடைக்காலத்தில் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஐந்தாண்டுகளேனும் சந்தா செலுத்தி வயது வந்து ஓய்வு பெற்றவரோ, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் மனைவிக்கும் வைத்தியம் பெறலாம். இத்தனை மலிவான ஏற்பாடு வேறெங்கும் கிடைப்பது அரிது.

ரயில்வே குடும்பங்களும் மத்திய அரசு ஊழியரும்

நம் சங்கங்களின் உறுப்பினரில் ரயில்வே குடும்பங்கள் எப்போதும் கணிசமானவை. நமக்கு வைத்தியம் உத்தியோகத்தோடு சேர்ந்தே வருகிறது. சிறு ஸ்டேஷன்களின் ஹெல்த் யூனிட்டில் பல் வைத்தியரைக் காண்பது அரிது. டிவிஷன் ஆஸ்பத்திரியிலோ தலைமை ஆஸ்பத்திரியிலோ பல் பிரிவைக் காணலாம். ஆகையால் யூனிட் டாக்டரின் சீட்டும் ‘உமீத்’ மருத்துவக் கார்டும் கையில் இருத்தல் வேண்டும். ஓய்வு பெறும் சமயத்தில் ரயில்வே ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்தில் ஒரே தடவை தொகை கட்டிச் சேர்ந்துவிட வேண்டும். பற்கள் ஒவ்வொன்றாக விடைபெறும் பருவம் ஓய்வுக் காலமே என்பதை மறக்கலாகாது. செயற்கை வேர் பதித்துப் பல் கட்டுவது போன்ற பெரிய வேலைகளை முன் அனுமதி இல்லாமல் வெளியே செய்துகொண்டால், செலவு நம்முடையது என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

மத்திய அரசின் பிற இலாகாக்களில் உள்ளோருக்கு 1954இல் டில்லியில் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டம் இருக்கிறது. அதன் பட்டியலில் தனியார் பல் வைத்தியசாலைகளும் உண்டு. ஓய்வூதியர்களுக்கு அங்கே ரொக்கமில்லா வசதி இருக்கிறது. பணியில் இருப்போர் பெரும்பாலும் முதலில் கட்டிவிட்டுப் பின்னர் பெறுகிறார்கள். அதுவும் அரசு நிர்ணயித்த விகிதப்படியே. அந்த விகிதத்துக்கு மேற்பட்ட பொருளை நாமே விரும்பிக் கேட்டால், மிகுதி நம் கையிலிருந்து போகும்.

2018 செப்டம்பர் 23இல் ராஞ்சியில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபர் 29 முதல் எழுபது வயதைக் கடந்தோர் வருமான வரம்பின்றி அதில் சேரலாம். தாடை முறிவு போன்ற பெரிய சிகிச்சைக்கு அது துணை. புறநோயாளி வைத்தியம் அதில் சேராததால், அன்றாடப் பல்வலிக்கு அதை நம்பிப் பயனில்லை.

எந்தச் சீட்டும் இல்லாதவர்கள்

வீட்டு வேலை செய்யும் சகோதரிகள், இட்லிக் கடை வைத்திருப்போர், சலவைத் தொழிலாளர், தினக்கூலிகள் ஆகிய நம்மவர்க்கு மேற்கூறிய ஏற்பாடுகளில் பல எட்டாதவை. அவர்கள் நாட வேண்டிய இடம் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள். அங்கே மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் வைத்தியம் செய்கிறார்கள். கட்டணம் தனியாரிடத்தில் ஆவதில் சிறு பங்கே. நேரம் அதிகம் ஆகும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் சோதிப்பதால் வேலை கவனமாக நடக்கிறது.

பம்பாயில் மாநகராட்சி நடத்தும் நாயர் பல் மருத்துவக் கல்லூரி மும்பை சென்ட்ரல் அருகில் இருக்கிறது. மாநில அரசின் பல் மருத்துவக் கல்லூரி செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில், சத்ரபதி சிவாஜி நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ளது. தாராவி, மாதுங்கா, செம்பூர் அன்பர்களுக்கு இரண்டும் ரயிலில் போய்வரக்கூடிய தூரமே. டில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிலையமும், எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் பல் மருத்துவ மையமும் உள்ளன. கல்கத்தாவில் சியால்தா பக்கத்தில் உள்ள டாக்டர் ஆர். அகமது கல்லூரி, இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920இல் அதை நிறுவினார். பெங்களூர், ஹைதராபாத், நாகபுரி, அகமதாபாத் ஆகிய நகரங்களிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்வோர் சென்னைக் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன்

பாலிஸி வாங்கியே தீர வேண்டும் என்போர், ஏஜண்டிடம் ஐந்து வாசல்களைப் பற்றியும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். எந்தப் பல் வேலைகள் விலக்கு? எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? ஆண்டுக்கும் ஒரு பல்லுக்கும் வரம்பு என்ன? நம் பங்கு எவ்வளவு? நம் பேட்டையில் எந்த வைத்தியரிடம் பணம் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம்? வாய்மொழி விடை போதாது. பாலிஸியில் எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்ல வேண்டும்.

2024 சனவரி முதல் ஒவ்வொரு மருத்துவப் பாலிஸியோடும் விவரத் தாள் ஒன்று தரப்பட வேண்டும். விலக்கு, காத்திருப்பு, பங்குத்தொகை எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். கேட்டால் அதை வட்டார மொழியிலும் பெறலாம். பாலிஸி கைக்கு வந்து 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் இருக்கிறது. நியாயமான கிளெயிமைக் கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் தக்க விடை வராவிட்டால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளராகிய ஓம்பட்ஸ்மனிடம் செல்லலாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கது

நம் நாட்டு மருத்துவச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாய்க்கு மேல் 2013-14இல் மக்களின் கையிலிருந்தே போயிற்று. 2021-22இல் அது 39 ரூபாயாகக் குறைந்திருக்கிறது என்று அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. குறைந்தது மகிழ்ச்சியே. ஆயினும் நம் வீடுகளில் பல்லுக்கான பங்கு குறைய வேண்டுமானால் நாமும் சில காரியங்கள் செய்தாக வேண்டும்.

உரிமை இருந்தும் நம்மவர் அதைப் பயன்படுத்தாததற்கு மொழியும் ஒரு பெரிய காரணம். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தாய், தன் வலியை இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ எப்படி விளக்குவாள்? எந்தச் சன்னலில் சீட்டு வாங்குவது என்று யாரைக் கேட்பாள்? இதற்குப் பயந்தே பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்திலும், அவ்வூர் மொழி அறிந்த இரண்டு மூன்று அன்பர்கள் மாதம் ஒரு நாள் ஒதுக்கி, இத்தகையோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல முன்வந்தால் அது பெரிய தருமம். பொங்கல் விழாவிலோ பொதுக்கூட்டத்திலோ ஒரு மேசை போட்டு, இ.எஸ்.ஐ. எண்ணில் குடும்பப் பெயர்களைச் சேர்க்க உதவினால், ஒரே மாலையில் பல குடும்பங்களுக்கு வழி பிறக்கும்.

கடைசியாக, எந்தக் கம்பெனியும் விற்காத இன்ஷூரன்ஸ் ஒன்று நம் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது. ஃபுளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் இரவு படுக்கும் முன்னும் துலக்குவதே அது. இரவுத் துலக்கலை நம் வீடுகளில் பலர் கைக்கொள்வதில்லை. குழந்தைகளின் பால் பற்கள் விழப்போகிறவைதானே என்று விட்டுவிடலாகாது. நிலைப்பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவை அவையே. நீரிழிவு உள்ளோர் ஈற்றில் இரத்தம் கசிந்தால் உடனே காட்ட வேண்டும். புகையிலையும் குட்காவும் பழகியவர்கள் வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இந்த மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் பிடித்தங்களின் பக்கத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்ற வரி அங்கே இருந்தால், ஒரு பக்கத்துப் பல்லால் மெல்லும் உங்கள் வீட்டு அம்மாவின் வைத்தியத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். அவரை அழைத்துச் செல்வது ஒன்றே பாக்கி.